குழல் நிமிரும் கணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீண்ட தூர இலக்குச் சுடுதல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் சொந்தமாகத் தோட்டா அடைக்கத் தொடங்கினேன். என் ரைஃபிள் .308 ரகத் தோட்டாவுக்கானது. வெடிமருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பத்துத் தோட்டாக்கள் அடைத்து, ஒவ்வொன்றின் வேகத்தையும் குரோனோகிராஃப் என்ற வேகமானியில் குறித்தேன். நடுவில் ஓரிடத்தில் மருந்து கூடியும் வேகம் கூடவில்லை. அந்தச் சமதளம்தான் குழலின் 'நோட்', அதாவது மருந்து சற்று மாறினாலும் குண்டு ஒரே இடத்தில் விழும் அளவு, என்றார் நண்பர். குழலின் நீளத்துக்கு ஏற்ப, குண்டு எத்தனை மில்லி விநாடியில் வெளியேற வேண்டும் என்று காட்டும் அட்டவணையும் தந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஆனால் அதே அளவில் அடைத்த தோட்டாக்கள் 100 மீட்டரில் ஒரு நாள் ஒட்டி ஒட்டி விழுகின்றன, மறுநாள் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன. எங்கே தவறினேன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கண்ட சமதளம் உண்மையில் இல்லாமலே இருக்கலாம். மருந்தை ஒவ்வொரு படியாகக் கூட்டும்போதும் வேகம் சராசரியாக விநாடிக்கு 6 மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவில் அடைத்த தோட்டாக்களுக்குள்ளேயே வேகத்தின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) விநாடிக்கு 4 மீட்டர் என்போம். அப்போது அடுத்தடுத்த இரண்டு குண்டுகளின் வித்தியாசத்துக்குத் திட்டவிலக்கம் 5.7 மீட்டர் ஆகிவிடும். ஏறக்குறைய ஏழு படிக்கு ஒரு படியில் வேகம் கூடாமலோ, குறைந்தோகூடத் தெரியும். உங்களிடம் இருப்பது ஒன்பது படிகள். அதில் ஒரு சமதளம் தட்டுப்பட்டதில் வியப்பே இல்லை. அதே பத்தையும் இன்னொரு முறை சுட்டால் அது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும்.

நண்பரின் அட்டவணைக்குப் பின்னால் இருப்பது கிறிஸ் லாங் என்பவரின் கருத்து. குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரம்தான். எஃகில் ஒலி விநாடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் ஓடும். ஆகவே வெடிப்பில் எழும் அதிர்வலை, 60 சென்டிமீட்டர் குழலில் நாலைந்து முறை போய்த் திரும்பிவிடுகிறது. அலை குழல்வாயில் நிற்கும்போது அந்த இடத்தின் விட்டம் மிக நுண்ணிய அளவில் மாறுகிறது, எனவே அலை மறுமுனையில் இருக்கும்போது குண்டு வெளியேறட்டும் என்கிறார் அவர். அழகான சிந்தனை. ஆனால் அந்த மில்லி விநாடியை நீங்கள் அளக்கவில்லை. குரோனோகிராஃப் சொல்வது வெளியே வந்த வேகத்தை மட்டும். உள்ளே இருந்த நேரம் மருந்து எப்படி எரியும் என்ற ஊகத்திலிருந்து கணினி போட்ட கணக்கு. ஊகித்த எண்ணும் தற்செயலான சமதளமும் ஒத்துப்போனதை நம்பி நீங்கள் தோட்டா அடைத்திருக்கிறீர்கள்.

குண்டை இலக்கில் ஏற்றி இறக்குவதில் இன்னோர் ஆட்டத்துக்கே பங்கு அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். குழல் வளைந்து ஆடுவதைச் சொல்கிறேன். பின்னுதையைத் தோள் வாங்கும் இடம் குழலின் அச்சுக்குக் கீழே இருப்பதால், சுடும்போது முனை நிமிர முயல்கிறது, குழலும் வளைகிறது. குண்டு எந்தக் கணத்தில் வெளியேறுகிறதோ அந்தக் கணத்தின் கோணம்தான் அதற்கு வாய்க்கிறது. இது புதிய செய்தியும் அல்ல. ரைஃபிள் குழல்களின் அதிர்வு பற்றி மாலக் என்ற ஆங்கிலேயர் 1901இலேயே ராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதியிருக்கிறார்.

முனை நிமிர்ந்துகொண்டிருக்கும்போது வேகம் குறைந்த குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறும். அதற்குள் முனை இன்னும் உயர்ந்திருக்கும். மெதுவாகப் போவதால் அந்தக் குண்டு கூடுதலாகத் தாழும் அளவை இந்த உயர்வு ஈடுகட்டிவிடும். பின்பக்கம் பூட்டிக்கொள்ளும் போல்ட் (தோட்டாவை உள்ளே அடைத்து மூடும் தாழ்) கொண்ட பழைய பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் நீண்ட தூரத்தில் பெயர் வாங்கியதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

இந்த ஈடு ஒரு தூரத்துக்குத்தான் செல்லும். காற்றின் தடையை விட்டுவிட்டே கணக்குப் போடுவோம். விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டையும் 790இல் போகும் குண்டையும் ஒப்பிட்டால், 100 மீட்டரில் வித்தியாசம் வெறும் 2 மில்லிமீட்டர். 900 மீட்டரில் அது 16 சென்டிமீட்டர். அந்த 16 சென்டிமீட்டரை ஈடுகட்டும்படி அமைந்த குழல், 100 மீட்டரில் மெதுவான குண்டை ஒன்றரை சென்டிமீட்டர் மேலே தூக்கிப் போடும். கிட்டத்தில் சுமாராகவும் எட்டத்தில் அற்புதமாகவும் சுடும் துப்பாக்கியைப் பலர் அவசரப்பட்டு விற்றுவிடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்கவே மனசு தாங்காது.

உங்கள் 100 மீட்டர் சிதறலுக்கு வருகிறேன். 2 மில்லிமீட்டரைத் தாண்டி மேலும் கீழும் போகிறதென்றால் வேகம் குறைந்து குண்டு தாழ்ந்தது என்று சொல்லவே முடியாது. முனை வேகமாக அசையும் கணத்தில் குண்டு வெளியேறுகிறது, அல்லது தாங்குமேடையில் துப்பாக்கியை வைக்கும் விதம் நாளுக்கு நாள் மாறுகிறது. வெயிலில் தோட்டா சூடானால் வேகம் கூடி, வெளியேறும் கணமும் முந்திவிடும். முதலில் ஒரே நாளில், நிழலில் வைத்த தோட்டாக்களை, ஒரே பிடியில் சுட்டுப் பாருங்கள்.

பிறகு படிச்சோதனையைத் திருப்பிச் செய்யுங்கள். ஆடெட் என்ற சுடுநர் பெயரால் அறியப்படும் பழைய முறை போதும். 300 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், ஒவ்வொரு படிக்கும் ஒரு குண்டு வீதம் சுட்டு, அது விழுந்த உயரத்தை மட்டும் குறியுங்கள். பக்கவாட்டு விலகலில் காற்றின் கை உண்டு, அதை விடுங்கள். மூன்று வெவ்வேறு நாட்களில் செய்து, மூன்றிலும் அடுத்தடுத்த படிகள் ஒரே உயரத்தில் விழும் இடம் எது என்று பாருங்கள். அந்த இடத்தின் நடுவில் அடையுங்கள், ஓரத்தில் வேண்டாம். படிகள் எல்லாமே மருந்து தயாரித்தவர் வெளியிட்ட அட்டவணையின் வரம்புக்குள் கீழிருந்து தொடங்க வேண்டும். சிதறல் குறைகிறது என்பதற்காக அந்த மேல்வரம்பை ஒருபோதும் தாண்டாதீர்கள்.

மூன்று நாள் உயரங்களையும் எனக்கு அனுப்புங்கள். குழல் மேசையிலோ துப்பாக்கியின் மரக்கட்டையிலோ எங்கும் தொடாமல் நிற்கிறதா என்பதையும் அதோடு எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.