சுசீந்திரம் ஸ்டேஷன் – தேரூர் குளம் சுற்று: முட்டிவலி உள்ள அப்பாவோடு வரலாமா?

முட்டிவலிக்கார அப்பாவோட சுசீந்திரத்துல இறங்கி, தேரூர் குளம் பாத்துட்டு வேற வழியா திரும்பலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா வாங்க. ஆனா விடிஞ்சதும் கிளம்பிருங்க, வயல் பக்கம் நிழலே கிடையாது. முதல்ல குளம், அப்புறம்தான் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். வெயில் ஏறினா பறவைங்க ஒதுங்கிரும். டிசம்பர், ஜனவரின்னா வலசைப் பறவைங்களும் இருக்கும். 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேர்ந்த இடம்லா! மழை பெஞ்சிருந்தா குளத்தங்கரைக் களிமண் செருப்பைப் பிடிச்சு இழுக்கும், அப்பாவைக் கரையில ஏத்தாதீங்க, ரோட்டுல நின்னே பாக்கட்டும். கவிமணி பிறந்த ஊரும் தேரூர்தான்.

திரும்பி வர சுசீந்திரம் குளத்தை ஒட்டின கன்னியாகுமரி ரோட்டைப் பிடிங்க. கோயில்ல ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணும்; மதியம் நடை சாத்திருவாங்க. எல்லா ரயிலும் சுசீந்திரம் ஸ்டேஷன்ல நிக்காது. அப்பாவுக்குக் கால் வலிச்சா நாகர்கோவில் பஸ்ஸே போதும்.