வலிப்புள்ள குழந்தைக்கு ஈசிஜி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. ஆறாவது மாதத்தில் காய்ச்சலோடு வந்த வலிப்பு பிறகு அடிக்கடி வரத் தொடங்கியது. மரபணுப் பரிசோதனையில் டிராவே சிண்ட்ரோம் என்ற கடுமையான வலிப்பு நோய் என்று தெரிந்தது. இப்போது நரம்பியல் மருத்துவர் ஈசிஜி எடுக்கச் சொல்கிறார். அவளுடைய இதயமும் பாதிக்கப்பட்டுவிட்டதா?

பதில்: ஈசிஜி எடுக்கச் சொன்னார் என்பதாலேயே இதயத்தில் கோளாறு இருக்கிறது என்று கொள்ள வேண்டாம். டிராவே சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வாயில்களை உருவாக்கும் இந்த மரபணு மூளையில் மட்டுமன்றி, ஓரளவு இதயத்திலும் வேலை செய்கிறது என்பதால்தான் மருத்துவர்களின் கவனம் அங்கும் செல்கிறது. இதே மாற்றத்துடன் வளர்க்கப்பட்ட எலிகளில், வலிப்புக்குப் பின், இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு அளவுமீறித் தூண்டப்பட்டு இதயத் துடிப்பு மிகவும் குறைந்துபோனதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. எலியில் கண்டதை அப்படியே குழந்தைக்குப் பொருத்திவிடக் கூடாது. வலிப்பு நோயாளிகளுக்கு நேரும் திடீர் மரணங்களில், கருவிகளில் பதிவானவற்றைப் பார்த்தால், பெரும்பாலும் மூச்சு நின்ற பிறகே இதயம் நின்றிருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்கள் மனம் என்ன பாடுபடும் என்பதை உணர்கிறேன். ஆயினும் இந்த ஆபத்தைக் குறைக்கும் முதன்மையான வழி, உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்புகளை, குறிப்பாக உறக்கத்தில் வருபவற்றை, இயன்றவரை கட்டுப்படுத்துவதே என்பதால் இதை மறைக்க விரும்பவில்லை.

ஈசிஜிக்கு இன்னொரு பயனும் உண்டு. க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்செயல் நீடிக்கும் நேரம்) நீண்டிருக்கும் பிறவிக் கோளாறில், துடிப்பு தடம் மாறிக் குழந்தை மயங்கி விழுந்து கைகால் உதறுவது வலிப்பைப் போலவே தோன்றும். ஓடும்போதோ திடுக்கிடும்போதோ உங்கள் மகள் மயங்கியிருந்தாலும், குடும்பத்தில் யாரேனும் இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உடலில் அணியும் சிறு கருவியால் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் 24 மணி நேர ஹோல்டர் பதிவு தேவைப்படலாம். ஃபென்ஃபுளூரமின் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்குவதாக இருந்தால் இதய வால்வுகளைப் பார்க்க எக்கோ என்ற இதய ஸ்கேனும் முன்கூட்டியே எடுப்பார்கள். மருந்து தொடரும் காலத்திலும் அதைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

கார்பமசெபின், ஃபெனிடோயின், லாமோட்ரிஜின் ஆகிய வலிப்பு மருந்துகள் இந்த நோயில் வலிப்பை அதிகமாக்கக்கூடும். ஆகவே புதிய மருத்துவர் யாரைப் பார்த்தாலும் நோயின் பெயரை முதலிலேயே கூறிவிடுங்கள். ஆனால் இவற்றில் ஒன்றை ஏற்கெனவே கொடுத்துவந்தால், நீங்களாகவே திடீரென நிறுத்திவிடாதீர்கள். உடனே உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள்.