எல்லா நாடுகளுக்கும் தடுப்பூசியைப் பகிர்ந்தளிக்க உருவான உலகளாவிய கோவாக்ஸ் (COVAX) திட்டம் இருந்தும் ஏழை நாடுகளுக்கு கொரோனா தடுப்பூசி ஏன் தாமதமானது?

முதல் காரணம் பணம். 2020-லேயே பணக்கார நாடுகள் நிறுவனங்களுடன் நேரடியாக ஒப்பந்தம் போட்டு, தங்கள் மக்கள்தொகைக்குத் தேவையானதைவிட அதிகமாகவே முன்பதிவு செய்துவிட்டன. கோவாக்ஸுக்கு நிதி சேர்வதற்குள் முதல்கட்ட உற்பத்தியில் பெரும்பகுதி விலைபோயிருந்தது.

அடுத்தது, கோவாக்ஸ் பெரிதும் புனேயின் சீரம் நிறுவனத்தையே நம்பியிருந்தது. 2021 பிப்ரவரி 24 அன்று கானாவின் அக்ரா விமான நிலையத்தில் இறங்கிய முதல் 6 லட்சம் டோஸ் அங்கே தயாரானதுதான். அடுத்த மாதமே இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தது, ஏற்றுமதி நின்றது. ஆக்சிஜனுக்கு மக்கள் அலைந்த அந்த நாட்களை நினைத்தால், அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பல ஆப்பிரிக்க நாடுகளில் முதல் டோஸ் போட்டவர்கள் இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பிறகு வந்த நன்கொடைகளில் பலவும் காலாவதி நெருங்கியவை. 2021 டிசம்பரில் நைஜீரியா 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ்களை அழித்தது. அதற்கு அந்த நாட்டைப் பழிப்பது அநியாயம். சில வாரமே ஆயுள் உள்ள மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்துக் கிராமம் கிராமமாகக் கொண்டுசேர்க்க எந்த நாடும் திணறும்.

உள்ளூர் உற்பத்திதான் உருப்படியான வழி. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில், மற்ற நாடுகளும் தடுப்பூசி தயாரிக்க வழிவிடும் காப்புரிமைத் தளர்வைக் கேட்டன. உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில்தான், அதையும் வெகுவாகக் குறுக்கி, ஒப்புக்கொண்டது.