தாத்தா வரைஞ்ச கப்பல் படத்தை டச்சப் பண்ணலாமா?

ராயபுரத்துல இருந்து ஒரு வாசகர் போட்டோவோட கேட்டிருக்கார்: "எங்க தாத்தா கப்பல்ல சாரங்கா (டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி மாதிரி) இருந்தவர், ஓவியம்லாம் எங்கயும் கத்துக்கல. ஹார்ட்போர்டுல அவர் பெயிண்ட்ல வரைஞ்ச கப்பல் படம் ஒண்ணு வீட்ல இருக்கு. மஞ்சளடிச்சுப் போச்சு, கீழ கடல் வர்ற இடத்துல பெயிண்ட் உரியுது. ஃப்ரேம் கடைக்காரர் ஈரத்துணியால துடைச்சு, டச்சப் பண்ணி, வார்னிஷ் அடிச்சுத் தரேங்கிறார். குடுக்கலாமா? எந்தக் கப்பல்னு கண்டுபிடிக்க முடியுமா? வித்தா ஏதாவது தேறுமா?"

குடுக்காதீங்க. அவர் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பார், ஆனா அந்த மூணு வேலையுமே இந்தப் படத்துக்கு ஆகாது. ஹார்ட்போர்டு தண்ணியை இழுக்கும், விரிசல் வழியா ஈரம் உள்ள போனா பலகை உப்பும், உப்பினா மேல ஏற்கனவே இறுகிப் போன பெயிண்ட் அதோட சேர்ந்து வளையாம செதில் செதிலா கழண்டுடும், கீழ ஓரத்துல இப்பவே அதுதான் நடந்துட்டு இருக்கு. மஞ்சள் எல்லாமே அழுக்குன்னு நினைக்க வேணாம். எண்ணெய் கலந்த பெயிண்ட் இருட்டுல வெச்சா தானா மஞ்சளாகும், பரண்ல கிடந்த படம்னா கேக்கவே வேணாம். வெயில் நேரா படாத வெளிச்சமான ரூம்ல கொஞ்ச நாள் வெச்சா ஓரளவு குறையவும் செய்யும். அதைப் போய் தேய்ச்சு எடுக்கப் பாத்தா தாத்தா அடிச்ச கலரும் சேர்ந்துதான் வரும்.

டச்சப் ஏன் வேணாம்னா, போட்டோல பாருங்க, டெக்ல நிக்கிற ஆளுங்க பக்கத்துல இருக்கிற கதவை விடப் பெருசா இருக்காங்க, கப்பல் முழுசும் பக்கவாட்டுல தட்டையா நிக்குது, கொடியும் புகையும் எதிரெதிர் திசையில பறக்குது. கடைக்காரர் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாதான் தெரியும், சரி பண்ணிடுவார். ஆனா சரக்கு தூக்குற டெரிக்கைப் பாருங்க, ஒவ்வொரு கம்பிக் கயிறும் எந்தக் கப்பி வழியா போய் எந்த வின்ச்ல சுத்தணுமோ கரெக்டா அங்க போய் நிக்குது. தினமும் அந்தக் கயிற்றைக் கையால பிடிச்ச ஆளுக்குத்தான் அது வரும், ஆர்ட் காலேஜ்ல படிச்சவர் அதை நாலு கோட்டுல முடிச்சிருப்பார்.

உலகம் முழுக்க மாலுமிங்க வரைஞ்ச படத்துல இந்தக் குணம் உண்டு. இங்கிலாந்துல ஆல்ஃப்ரெட் வாலிஸ்னு ஒருத்தர் (1855–1942), கடல்ல வேலை பார்த்தவர், பொண்டாட்டி செத்த பிறகு எழுபது வயசு வாக்குல வரைய ஆரம்பிச்சார், கிடைச்ச அட்டைத் துண்டு மேல படகுக்கு அடிக்கிற பெயிண்ட். அட்டை கோணல்மாணலா இருந்தா அப்படியே விட்டுடுவார், அவருக்கு முக்கியமான கப்பல் பெருசு, வீடு சின்னது. 1928ல பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் உட்னு ரெண்டு ஓவியர்கள் அவர் வீட்டு வழியா போறப்ப பார்த்துட்டு அசந்துட்டாங்க. இன்னிக்கு கேம்பிரிட்ஜ்ல கெட்டில்ஸ் யார்டுங்கிற ஓவியக் காட்சியகத்துல அந்தப் படங்க அதே கோணல் ஓரத்தோட இருக்கு. அதனால பலகை ஓரத்தை வெட்டி நேராக்குறேன்னு யாராவது சொன்னாலும் விடாதீங்க.

இப்போ எந்தக் கப்பல்னு பாப்போம். புகைக்கூண்டு கருப்பு, நடுவுல ரெண்டு வெள்ளைப் பட்டை, அது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி அடையாளம். நம்ம ஊர்ல இருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா கப்பல் அந்தக் கம்பெனிதான், 1926ல கட்டினது, 1973ல இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி ரங்கத்னு பேர் மாத்திச்சு. அதுக்காக இது ரஜூலாதான்னு முடிவு பண்ணிடாதீங்க, அந்தக் கம்பெனிக்குக் கப்பல் ஏகப்பட்டது. கொடியில மூலையில யூனியன் ஜாக் இருக்கிறதால 1947க்கு முந்தினதுன்னும் சொல்ல முடியாது, பிரிட்டிஷ் கம்பெனிங்கிறதால சுதந்திரத்துக்கு அப்புறமும் அதேதான் பறந்துச்சு. இந்தியக் கப்பலா இருந்தா சிவப்புக் கொடி மூலையில மூவர்ணம் இருந்திருக்கும். தாத்தாவோட சிடிசி புக்கை (கப்பல்ல வேலை பாக்குறவங்களோட சர்வீஸ் புத்தகம்) தேடுங்க, எந்தக் கப்பல்ல எந்தத் தேதியில ஏறினார் இறங்கினார்னு அதுல பதிஞ்சிருக்கும். படத்தோட பின்பக்கமும் பாருங்க, பென்சில்ல ஏதாவது எழுதியிருந்தா அதுமேல பேப்பர், டேப் எதுவும் ஒட்டாதீங்க.

இன்னிக்கே செய்ய வேண்டியது, படத்தை செவுத்துல இருந்து இறக்கி முகம் மேல இருக்கிற மாதிரி படுக்க வைங்க. உதிர்ந்த துண்டு எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஒரு கவர்ல போட்டு எந்த இடத்துல இருந்து விழுந்துச்சுன்னு எழுதி வைங்க, ஃபெவிகால் போட்டு நீங்களே ஒட்ட வேணாம். பழைய வெள்ளைப் பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், உப்புத்தாள் போடவே கூடாது. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு மொபைல் டார்ச்சை ஒரு பக்கமா சாய்ச்சு அடிச்சு போட்டோ எடுங்க, தூக்கிட்டு நிக்கிற பெயிண்ட் எல்லாம் நிழலா தெரியும், ரிப்பேர் பண்றவருக்கு அது ரொம்ப உதவும்.

ரிப்பேருக்கு ஃப்ரேம் கடை வேணாம், ஓவியப் பாதுகாப்பு படிச்சவங்ககிட்ட போங்க. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல ரசாயனப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கு, முதல்ல அங்க விசாரிங்க, இல்லைனா பாரம்பரியப் பொருட்களைப் பாதுகாக்குற இன்டாக் அமைப்பு ஆளுங்ககிட்ட கேளுங்க. யார்கிட்ட போனாலும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: நீங்க செய்றதைப் பின்னாடி எடுத்துட முடியுமா? முடியும்னு சொல்லி, எப்படின்னும் விளக்கினா நம்பிக் குடுக்கலாம்.

திரும்ப மாட்டும்போது கண்ணாடி பெயிண்ட்ல ஒட்டாம இடைவெளி விட்டு ஃப்ரேம் போடச் சொல்லுங்க, மழைத்தண்ணி ஊறுற வெளிச்சுவர் வேணாம், ஐப்பசி கார்த்திகையில பூஞ்சை அங்கதான் முதல்ல வரும். ஃப்ரேமுக்குப் பின்னாடி கீழ ரெண்டு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டினா காத்து போகும். ஏசிக்கு நேர் கீழயும் சாமி விளக்குப் பக்கத்துலயும் வேண்டாம்.

விக்கிறதைப் பத்தி, இந்த மாதிரிப் படத்துக்கு இங்க நிலையான மார்க்கெட் கிடையாது, பழைய சாமான் வாங்குறவர் ஃப்ரேமுக்குத்தான் விலை சொல்வார். பேர், கப்பல், வருஷம், குடும்பக் கதை எல்லாம் சேர்ந்து இருந்தாதான் மதிப்பே. தாத்தா காலத்தை வெச்சுப் பார்த்தா நூறு வருஷம் ஆகியிருக்காது, ஆனா ஒருவேளை தாண்டியிருந்தா 1972 தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, சிங்கப்பூர்ல இருக்கிற சொந்தக்காரங்க கேட்டாலும் சரி. அதனால சிடிசி கிடைக்கிற வரைக்கும் யார்கிட்டயும் விலை பேசாதீங்க. பாட்டி இருந்தா படத்தை முன்னாடி வெச்சு அவங்க சொல்றதை மொபைல்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க, அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.