கிரீம் ஏன் பிரிகிறது?

கேள்வி: பாதாம் எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்துச் செய்த கிரீம் இரண்டே நாளில் நீர்விட்டுப் பிரிந்துவிட்டது. வைட்டமின் ஈ சேர்த்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தேன்மெழுகு கிரீமைக் கெட்டியாக்கும். தனியாக எண்ணெயையும் நீரையும் பிணைக்காது. அதற்கு எமல்சிஃபையிங் வாக்ஸ்தான் வேண்டும். 100 கிராம் கிரீமுக்கு எண்ணெய் 20, வாக்ஸ் 6, காய்ச்சி வடித்த நீர் 73, பிரிசர்வேடிவ் (பூஞ்சையும் கிருமியும் வளராமல் தடுப்பது) 1 கிராம். ஸ்பூனால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள்.

எண்ணெயோடு வாக்ஸை ஒரு பாத்திரத்திலும் நீரை இன்னொன்றிலும் 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக் கலந்து, ஆறும்வரை நிறுத்தி நிறுத்தி அடித்துக்கொண்டிருங்கள். நீர் ஆறிப்போயிருந்தால் வாக்ஸ் சட்டென உறைந்து திரிதிரியாகிவிடும். 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் பிரிசர்வேடிவ்.

வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்கடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவே, பூஞ்சையைத் தடுக்காது. பலரும் ஏமாறும் இடம் இது.

முகப்பரு வரும் சருமமா? தேங்காய் எண்ணெயைத் தவிர்த்து, சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறலாம்.