டாக்டர் பதில்கள்: மூட்டு ஊசிக்கு எதற்குக் காசநோய் டெஸ்ட்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 54 வயது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. பல வருடமாக முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையில் கேட்கவில்லை என்று ஈப்போவில் டாக்டர் இப்போது அடலிமுமாப் ஊசி சொல்கிறார். அதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கு ரத்தப் பரிசோதனையாம். எனக்கு இருமலே இல்லை. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் அப்பாவுக்குக் காசம் வந்தது. அதை நாங்கள் வெளியே சொல்வதில்லை, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தியே போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். போடலாமா?
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: போடலாம் அம்மா. ஆனால் அப்பாவுக்குக் காசம் இருந்ததை அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். நம் உடம்பில் டி.என்.எஃப் (கட்டியைக் கருக்கும் காரணி) என்று ஒரு புரதம் இருக்கிறது. எலிகளின் புற்றுக்கட்டியைக் கருக வைத்ததால் 1975-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் கவனித்துப் பெயர் வைத்தது. கிருமி நுழைந்தால் வெள்ளணுக்கள் இதைச் சுரக்கும். பெரட்டுக்கு மணி அடித்தால் ஆட்கள் கூடுகிற மாதிரி, மற்ற அணுக்கள் ரத்தக் குழாயை விட்டு அந்த இடத்துக்கு வந்து சேரும். வீக்கம், சூடு, வலி எல்லாம் அப்படி வருவதுதான். கிருமி ஒழிந்தால் சுரப்பும் நிற்க வேண்டும். முடக்குவாதத்தில் கிருமி இல்லாமலே சுரந்துகொண்டிருக்கிறது. மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, எலும்பை அரிக்கிறது. வலி மாத்திரை வலியை மட்டும்தான் குறைக்கும். அரிப்பு அதுபாட்டுக்கு நடக்கும். உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் உடம்பு இளைத்து அசதியாக இருந்தால் அதிலும் இந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு.

மூட்டில் இப்படிப் பல புரதங்கள் சேர்ந்து வேலை செய்யும்போது ஒன்றை மட்டும் அடைத்து என்ன பயன் என்று ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். லண்டனில் ஃபெல்ட்மேன், மைனி என்ற இரண்டு பேர், டி.என்.எஃபை அடைத்தால் மற்றவையும் அடங்குகின்றன என்று காட்டினார்கள். 1992-இல் நோயாளிகளுக்கே போட்டுப் பார்த்தார்கள்; வீக்கம் வடிந்தது. இன்று உங்களுக்குச் சொல்லும் ஊசி அந்த வழியில் வந்ததுதான்.

சரி, காசநோய்க்கு வருவோம். காசக் கிருமி உடம்புக்குள் போனால் பெரும்பாலும் நோயாக மாறாது. வெள்ளணுக்கள் அதைச் சுற்றி வளைத்து நுரையீரலில் சின்ன முடிச்சாக அடைத்து வைக்கும். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இருமல் இருக்காது, யாருக்கும் தொற்றாது. அந்த முடிச்சு கலையாமல் இருக்க டி.என்.எஃப் வேண்டும். ஊசி போட்டு அதை அடைத்தால் உள்ளே கிடக்கும் கிருமி வெளியே வரலாம். லயத்தில் அப்பாவோடு ஒரே அறையில் படுத்து வளர்ந்த உங்களுக்கு அது இருக்க வாய்ப்பு உண்டு. இருமல் இல்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. டெஸ்டில் தெரிந்தால் சில மாதம் மாத்திரை தருவார்கள். பொதுவாக அதைத் தொடங்கி ஒரு மாதமாவது ஆன பிறகே ஊசி போடுவார்கள். உங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தப் பேச்சு டாக்டரின் அறையைத் தாண்டாது. என் கிளினிக்கிலும் எத்தனையோ தாய்மார்கள் இதை மறைக்கிறார்கள். எனக்கு மனசு வலிக்கிறது. காசம் வந்தது உங்கள் அப்பா செய்த தப்பு இல்லை. நெருக்கடியான லயத்தில் காற்றில்லாத அறை அது.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதில் பாதி உண்மை. எதிர்ப்புச் சக்தி முழுக்கப் போகாது, ஆனால் தொற்று வரும் வாய்ப்பு கூடும். தோட்டத்தில் எலிக் காய்ச்சல் பயமும் இருக்கிறது. கையுறையும் பூட்ஸும் இல்லாமல் பழம் பொறுக்கப் போகாதீர்கள். காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பிரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள், ஐஸ் பெட்டிக்குள் வேண்டாம், உறைந்துபோனதைப் போடக்கூடாது. ஈப்போவிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது குளிர்ப் பை அவசியம்.

அப்புறம், நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மூட்டுவலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ரொம்ப நாளாகச் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். பாக்கெட்டையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: மகனுக்கு 22 வயது. முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ். மூட்டுக்குப் போடும் ஊசியையே இதற்கும் போடுவார்களாமே?
— ஒரு தகப்பனார், பீடோர்

பதில்: போடுவதுண்டு. ஆனால் தோலில் இந்த நோயை முக்கியமாக ஓட்டுவது இன்டர்லூக்கின் 23, இன்டர்லூக்கின் 17 என்ற வேறு புரதங்கள். 17-ஐ அடைக்கும் செக்குகினுமாப் 2015 முதல் இருக்கிறது. முழங்கையும் தலையும் மட்டும் என்றால் பெரும்பாலும் களிம்பும் தலைக்குப் பூசும் மருந்துமே போதும். ஊசிக்கு அவசரப்பட வேண்டாம். மகனிடம் ஒன்று கேளுங்கள்: காலையில் இடுப்போ விரலோ விறைத்துக்கொள்கிறதா? நகத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். இருந்தால் மூட்டையும் பார்க்கச் சொல்லித் தோல் டாக்டரிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் மருந்தே மாறும்.