மருத்துவர்களின் ஆர்கெஸ்ட்ரா என்றால் என்ன? டாக்டர்களுக்கு எதற்கு இந்த வேலை?

மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வாளர்கள், மருத்துவ மாணவர்கள் சேர்ந்து, சம்பளம் வாங்காமல் மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கும் குழு. அமெரிக்காவின் பாஸ்டனில் 1982-ல் தொடங்கிய லாங்வுட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா நல்ல உதாரணம்.

அங்கே ஏன்? லாங்வுட் பகுதியில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் பெரிய ஆஸ்பத்திரிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. சிறு வயதில் வயலினோ செல்லோவோ கற்று, பிறகு மருத்துவம் படிக்கப் போனவர்கள் அங்கே ஏராளம். தனியாக வீட்டில் வயலின் வாசிக்கலாம். பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பான சிம்பொனியை வாசிக்க முடியாது. அதற்குப் பெரிய குழு வேண்டும். ஓபோ என்ற ஊதும் வாத்தியம் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க, அத்தனை பேரும் அதற்குச் சுருதி சேர்க்கும் அந்த அரை நிமிடத்துக்காகவே வரலாம் என்பேன்.

வாரமெல்லாம் பேங்க் வேலை, ஞாயிறு காலையில் லீக் கிரிக்கெட் என்று இருப்பவர்களைத் தெரியுமல்லவா? அதே கதைதான். கோச் மாதிரி, முன்னால் நின்று கையசைத்து வாசிப்பை வழிநடத்தும் இசை நடத்துநர் மட்டும் தொழில்முறை இசைக்கலைஞர். கச்சேரிகள் மூலம் மருத்துவத் தொண்டு அமைப்புகளுக்கு நிதியும் திரட்டுகிறார்கள்.

இதை இசை சிகிச்சை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தனிப் பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளிடம் செய்வது, இது டிக்கெட் வாங்கிக் கேட்கும் கச்சேரி.